செல்வராசுக்காக ஒரு வார்த்தை

தறிக்குடோனில் கரண்ட் போனால் முதலில் காதில் விழுவது காக்காய் சத்தம்தான்.

அதுவரை பன்னிரண்டு தறி ஒன்றாக ஓடிக்கொண்டிருக்கும். பக்கத்தில் நிற்பவன் தொண்டை கிழியக் கத்தினாலும் கேட்காது. திடீரென்று எல்லாம் நின்றுவிடும். தகரக் கூரையின் மேல் காக்காய் நடப்பது கேட்கும். ரோட்டில் அவிநாசி பஸ் கியர் மாற்றுவது கேட்கும். பஞ்சுத் தூசி வெயிலில் மெல்லக் கீழே இறங்கும்.

தறி ஓட்டுகிறவர்களுக்கு அது சந்தோஷமான நேரம். ஆண்கள் பீடி பற்ற வைத்துக்கொண்டு வெளியே போவார்கள். பெண்கள் தலையில் கட்டிய துண்டை உதறிவிட்டு ஊர்ப் பேச்சை ஆரம்பிப்பார்கள்.

செல்வராசு மட்டும் நேராக என்னிடம் வருவான். வந்து என் சட்டைக் கையைப் பிடித்துக்கொள்வான். இருபத்துநாலு வயது, ஆறடி உயரம், குடோன் முதலாளியின் ஒரே மகன். கரண்ட் வரும்வரை விட மாட்டான்.

“ஏதாச்சும் பேசுடா ஜெகா.”

“என்னத்தடா பேசறது?”

“எதையாச்சும் பேசு. நிறுத்தாத.”

நானும் பேசுவேன். நேற்று எங்கம்மா வைத்த கொள்ளு ரசம், பஸ்ஸில் கண்டக்டரோடு நடந்த சண்டை, எதிர்வீட்டு நாய் போட்ட குட்டிகள் என்று வாய்க்கு வந்ததெல்லாம் பேசுவேன். கரண்ட் வந்து மோட்டார் உறுமியதும் அவன் கை தளரும். ‘போதும்’ என்று கையைக் காட்டிவிட்டுப் போய்விடுவான். ஒரு நன்றிகூடச் சொல்ல மாட்டான், படவா.

இந்தத் தொடரில் போன வாரம் வந்த கல்யாணப் பந்திக் கதையைப் படித்துவிட்டு, வயிறு வலிக்கச் சிரித்ததாகச் சிலர் கடிதம் போட்டிருந்தார்கள். சந்தோஷம். இந்த வாரம் சிரிப்பு குறைவாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். இதை எழுதாமல் அடுத்த கதைக்குப் போக முடியவில்லை. நாலு தடவை எழுதி நாலு தடவையும் கிழித்துப் போட்டேன்.

கையால் பேசுகிறவர்கள்

தொண்ணூறுகளின் ஆரம்பம் அது. கருமத்தம்பட்டியில் எந்தச் சந்துக்குள் நுழைந்தாலும் தறிச் சத்தம் கேட்கும். நானும் செல்வராசும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. ப்ளஸ் டூவில் நான் கோட்டை விட்டேன். அவன் பாஸ் பண்ணினான், ஆனால் மேலே படிக்கவில்லை. இரண்டு பேரும் ஒரே குடோனுக்குத்தான் போனோம். அவன் முதலாளி மகனாக, நான் நாலு தறி ஓட்டுகிறவனாக.

குடோனுக்குள் யாரும் வாயால் பேசுவதில்லை. பேசிப் பிரயோசனம் இல்லை. கையும் உதடும்தான் பாஷை. கட்டை விரலை வாய்க்குக் கொண்டுபோனால் டீ. மீசையை முறுக்கினால் முதலாளி வருகிறார். காதுக்குப் பக்கத்தில் விரலைச் சுற்றினால் தறி ஓட்டத்தில் ஏதோ கோளாறு. புதிதாக வருகிறவன் ஒரு மாதம் திருதிருவென்று முழிப்பான். அப்புறம் அவனும் கிளம்பிவிடுவான், இந்தக் கோடியில் இருந்து அந்தக் கோடிக்குக் கிண்டல் பண்ண.

செல்வராசு அதில் மன்னன். அவனுடைய அப்பா நடக்கிற நடையை இரண்டே விரலில் நடித்துக் காட்டுவான். நான் நூல் அறுந்ததைக்கூடக் கவனிக்காமல் சிரிப்பேன். மேஸ்திரி வந்து முதுகில் ஒன்று வைப்பார்.

தறி ரிப்பேரும் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, “ஏழாம் நம்பர் சரியில்லை” என்று கை காட்டுவான். போய்ப் பார்த்தால் அப்படித்தான் இருக்கும். பன்னிரண்டு தறிச் சத்தத்தில் ஒரு தறியின் சத்தத்தை மட்டும் பிரித்து எடுக்கிற காது. அந்தக் காதுதான் அவனுக்கு எதிரியாகவும் இருந்தது.

“அவிய வந்துட்டாங்க”

முதலில் அவன் சொன்னது டீக்கடையில்.

“ஜெகா, நீ இப்ப என்னயக் கூப்புட்டியா?”

“இல்லையே.”

“பொறவு ஆருடா கூப்புட்டது?”

கிண்டல் செய்கிறான் என்று நினைத்து நானும், “உன்ற மாமனாரு” என்றேன். அவன் சிரிக்கவில்லை.

ஒரு வருடம் இப்படியே போனது. தூக்கம் குறைந்தது. அவனுக்கு மட்டும் கேட்கிற குரல்கள் இருந்தன. இரண்டு மூன்று பேர். திட்டுவார்கள், ஏளனம் பண்ணுவார்கள், நீ எதற்கும் லாயக்கில்லை என்பார்கள். அவன் அவர்களுக்குப் பேர் எதுவும் வைக்கவில்லை. ‘அவிய’ என்பான், அவர்கள் என்று, அவ்வளவுதான். “அவிய வந்துட்டாங்கடா.”

வீட்டில் செய்யாதது எதுவும் பாக்கியில்லை. மந்திரித்தார்கள், தாயத்துக் கட்டினார்கள், குலதெய்வத்துக்குக் கிடாய் வெட்டினார்கள். கிடாக் கறியை மூக்கு முட்டத் தின்றவர்களில் நானும் ஒருவன். கடைசியில் அவன் அம்மாதான் பிடிவாதமாகக் கோயமுத்தூருக்கு ஒரு மனநல டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். துணைக்கு நான் போனேன்.

சின்ன வயசு டாக்டர். தடித்த கண்ணாடி. பொறுமையாகக் கேட்டார். இது வியாதி, சர்க்கரை வியாதி மாதிரி, மாத்திரையை விடாமல் சாப்பிட்டால் கட்டுக்குள் இருக்கும் என்றார். அம்மா கேட்டார்:

“ஏனுங்க டாக்டர், தறிக்குப் போலாமுங்களா? அந்தச் சத்தத்துக்கு ஏதும் ஆகாதுங்களே?”

டாக்டர் அவனைப் பார்த்தார். “உங்களுக்குத் தறிச் சத்தம் எப்படி இருக்குது?”

“அது ஓடறப்ப அவிய பேசறது கேக்கறதில்லீங்க. அங்க மட்டுந்தானுங்க நிம்மதி.”

“அப்பத் தாராளமாப் போங்க. மாத்திரையும் சாப்பிடுங்க, வேலைக்கும் போங்க. ரெண்டும் வேணும்.”

அந்த அறையில் இருந்தது நாங்கள் மூன்று பேரும் டாக்டரும். ரெண்டும் வேணும் என்று அவர் சொன்னதை நான் என் இரண்டு காதாலும் கேட்டேன்.

அடுத்த இரண்டு வருடம் நன்றாகவே போனது. மாத்திரையால் கை கொஞ்சம் நடுங்கும், உடம்பு போட்டுவிட்டது, மதியம் சொக்குவான். ஆனாலும் குடோனுக்கு வந்தான். தறியைச் சரி பார்த்தான். பழையபடி அப்பா நடையை நடித்தான். கரண்ட் போனால் மட்டும் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொள்வான்.

அவிநாசியில் கிடைத்தான்

ஒரு சித்திரையில் கோடை மழை பேயாட்டம் ஆடியது. டிரான்ஸ்பார்மர் வெடித்து ஊருக்கே இரண்டு நாள் கரண்ட் இல்லை. நான் சொந்தக்காரர் கல்யாணத்துக்காகப் பொள்ளாச்சி போயிருந்தேன். திரும்பி வந்தால் செல்வராசைக் காணவில்லை.

மூன்றாம் நாள் அவிநாசிக் கோயிலில் கிடைத்தான். பூஜை நேரத்தில் மோட்டாரில் ஓடி மேளமும் மணியும் சேர்ந்து அடிக்குமே, அந்த மிஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். ஒவ்வொரு பூஜைக்கும் அது அடிக்கும்வரை காத்திருப்பது, அடித்து முடிந்ததும் அடுத்த பூஜைக்குக் காத்திருப்பது. இரண்டு நாளும் பிரசாதம்தான் சாப்பாடு.

என்னைப் பார்த்ததும், “கரண்ட் வந்துருச்சா?” என்று கேட்டான்.

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. “வந்துருச்சுடா, வா போலாம்” என்று கூட்டி வந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டு வாசலில் ஒறம்பரை எல்லாம் கூடிவிட்டது. பங்காளிகள், மாமன் மச்சான்கள், பத்துப் பதினைந்து பேர். காங்கேயத்தில் இருந்து தாய்மாமன் வந்திருந்தார். நல்ல மனுஷன். அதை நான் சொல்லியே ஆக வேண்டும். அவருக்கு மருமகன் மேல் உயிர்.

“தறிச் சத்தம் மண்டைக்குள்ள பூந்துக்கிச்சு. அதானுங்க சீக்கு” என்றார் மாமன். “பன்னெண்டு தறி பகலெல்லாம் மண்டையில அடிச்சா எவனுக்குத்தான் புத்தி கலங்காது? நம்ம தோட்டத்துக்குத் தாட்டி உடுங்க, எங்கூட அனுப்பி வையுங்க. அங்க ஒரு சத்தமில்லை. தென்னமரத்துக்கடியில சித்த நாளு நிம்மதியாக் கெடக்கட்டும். மாத்திரையத் தின்னு தின்னுத்தான் பையன் மந்தமாயிட்டான். நல்ல பாலு, நல்ல காத்து, போதும்.”

எல்லோரும் தலையாட்டினார்கள். அம்மா மட்டும் கதவோரம் நின்று, “டாக்டரு வேற மாதிரி சொன்னாருங்க அண்ணா” என்று ஆரம்பித்தார். “நீ சித்த இரு” என்று யாரோ அடக்கினார்கள்.

அப்போது செல்வராசின் அப்பா என் பக்கம் திரும்பினார்.

“ஏனப்பா ஜெகா, நீயும் கூடவே இருக்கறவன். நீ என்ன சொல்ற?”

இந்த இடத்தை வெளியூர் வாசகர்களுக்கு விளக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் பெரியவர்கள் பேச்சில் வெளி ஆளையும் ஒரு வார்த்தை கேட்பார்கள். அது மரியாதை. கேட்கப்பட்டவனும் மரியாதையாக ஒரே பதிலைத்தான் சொல்ல வேண்டும். அபிப்பிராயம் கேட்கிறார்கள் என்று நினைத்து அபிப்பிராயம் சொல்லிவிட்டால் அவன் வளர்ப்பு சரியில்லை என்று அர்த்தம். நானோ வீட்டில் தெலுங்கு பேசுகிற குடும்பம். உறவும் இல்லை, பங்காளியும் இல்லை. அவர்களிடம் வேலை பார்க்கிறவன்.

எனக்குத் தெரியும். தறிச் சத்தம் அவனுக்குச் சீக்கு இல்லை, மருந்து என்று தெரியும். டாக்டர் சொன்னது தெரியும். சத்தமில்லாத இடத்தில் அவனுக்கு என்ன நடக்கும் என்று அந்த வாசலில் இருந்த அத்தனை பேரைவிடவும் என் சட்டைக் கைக்கு நன்றாகத் தெரியும்.

“நானென்னங்க சொல்றது. பெரியவிங்க பாத்துப் பண்ணுங்க” என்றேன்.

“தங்கமான பையன்” என்றார் மாமன். ஒரு பெரியவர் என் தோளில் தட்டினார். எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அதைத்தான் இன்றுவரை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

காங்கேயம் பஸ்

வைகாசியில் அவனைக் கொண்டுபோய் விட்டார்கள். நான் ஆனிக் கடைசியில்தான் பார்க்கப் போனேன். ஏன் அவ்வளவு தாமதம் என்று கேட்காதீர்கள். வேலை என்று சொல்லலாம். பயம் என்பதுதான் நிஜம்.

காங்கேயத்தில் இறங்கி இன்னொரு பஸ் பிடித்து, அதற்கப்புறம் ஒரு மைல் நடை. இரண்டு பக்கமும் கிளுவை வேலி, வேலிக்கு உள்ளே காய்ந்த மேய்ச்சல் காடு, தூரத்தில் ஒன்றிரண்டு மாடு. மாட்டின் கழுத்து மணி எப்போதாவது கேட்கும். அப்படி ஓர் அமைதியை நான் அதற்கு முன் கேட்டதில்லை. நாள் முழுக்கத் தறியில் நின்று பழகிய என் காதே இரைந்தது. அவனுக்கு எப்படி இருந்திருக்கும்!

வீட்டில் மாமனின் மனைவி, செல்வராசின் அத்தை, மட்டும் இருந்தார். என்னை உட்கார வைத்து மோர் கொடுத்தார்.

“ஊட்டுல தங்கறதில்லீங்க தம்பி. காத்தால எந்திரிச்சா ரெண்டு மைலு நடந்து ஆயில் மில்லுக்குப் போயிர்றான். அங்க செவுத்துக்குப் பக்கத்துல நிக்கறதுங்க. மில்லுக்காரங்க எத்தன வாட்டி தொரத்தறது? ஊருல நாலு பேரு நாலு விதமாப் பேசறாங்க. எங்களுக்கு வெசனமா இருக்குதுங்க.”

போய்ப் பார்த்தேன். தேங்காய்ப் பருப்பு காய்கிற களத்தைத் தாண்டி ஒரு நீளச் சுவர். காற்றெல்லாம் எண்ணெய் வாசம். சுவரில் தலையைச் சாய்த்து, கண்ணை மூடி நின்றிருந்தான். பாதியாய் இளைத்திருந்தான். உள்ளே செக்கு ஓடுகிற சத்தம் சுவர் வழியாக அதிர்ந்துகொண்டிருந்தது.

நான் தோளைத் தொட்டதும் கண்ணைத் திறந்தான். கட்டை விரலை வாய்க்குக் கொண்டுபோய்க் காட்டினான், டீ சாப்பிட்டாயா என்று.

“இங்க ரொம்ப அமைதிடா ஜெகா. அவிய மட்டுந்தான் பேசிட்டே இருக்கறாங்க.”

“மாத்திரை?”

“மாமன் எடுத்து வெச்சுட்டாரு. அவரத் திட்டாத. அவரு பாவம், தெனமும் எனக்காக எளநி வெட்டிக் குடுக்கறாரு.” சுவரில் இருந்து தலையை எடுத்து, “என்னயக் கூட்டிட்டுப் போயிரு. இப்பவே வாரேன். ஒண்ணும் எடுக்க வேண்டியதில்ல” என்றான்.

அன்றே, அந்த மத்தியானமே, அவன் கையைப் பிடித்து பஸ் ஏற்றியிருக்கலாம். யார் என்ன செய்திருப்பார்கள்? தலையையா எடுத்திருப்பார்கள்?

“உங்கப்பாகிட்டச் சொல்லிட்டு வந்து கூட்டிட்டுப் போறேன்டா” என்றேன். கேட்காமல் கூட்டி வருவது மரியாதை இல்லையே. மரியாதை!

பஸ் வரும்வரை கூட நின்றான். நான் விடாமல் பேசினேன். அவன் என் சட்டைக் கையைப் பிடிக்கவில்லை. நான் ஏறியதும் கையை ஆட்டினான்.

ஆடி

ஊருக்கு வந்ததும் அவன் அப்பாவிடம் சொன்னேன். அவர் என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை.

“கூட்டிட்டு வந்துரலாமப்பா. ஆனா நாளான்னிக்கு ஆடி பொறக்குது. ஆடியில எடம் மாத்தறதாவது? ஏற்கெனவே அவனுக்கு நேரஞ்சரியில்ல. ஆடி கழியட்டும். ஆவணி மொத தேதி நீயே போய்க் கூட்டியா.”

ஒத்துக்கொண்டாரே என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம். மாத்திரையைப் பற்றிக் கேட்கலாமா என்று நினைத்தேன். சரி, வந்ததும் நேராக டாக்டரிடம் போய்க்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். ஓர் இன்லேண்டு லெட்டர் வாங்கி எழுதினேன்: ‘ஆவணி ஒண்ணாந்தேதி காத்தால முதல் பஸ்ஸுக்கு வாரேன். தயாரா இரு.’

அவனுக்கு முப்பது நாள் என்பது எத்தனை நாள் என்று நான் யோசிக்கவில்லை.

ஆடிப் பதினெட்டு முடிந்து நாலைந்து நாள் இருக்கும். காலை பத்து மணி. குடோனில் தறி ஓடிக்கொண்டிருந்தது. மேஸ்திரி ஓடி வந்து மோட்டாரை நிறுத்தினார். கரண்ட் போகவில்லை, அவரே நிறுத்தினார். காக்காய் நடக்கிற சத்தம் கேட்டது.

“செல்வராசு போயிட்டானாமப்பா” என்றார். “அவனா முடிச்சுக்கிட்டானாம்.”

எப்படி என்று நான் எழுதப் போவதில்லை. அதைத் தெரிந்துகொண்டு யாருக்கும் ஆகப் போவது ஒன்றுமில்லை.

அந்த அமைதியில் நான் பேச ஆரம்பித்திருக்கிறேன். எனக்கே தெரியாது. எங்கம்மா வைத்த ரசம், பஸ், நாய்க்குட்டி. யாரும் இல்லாத பக்கம் பார்த்து, நிறுத்தாமல் பேசிக்கொண்டே இருந்தேனாம். தறி ஓட்டுகிற ஓர் அக்கா வந்து என் வாயைப் பொத்தி, “அழுதுரு சாமி, அழுதுரு” என்றார்.

வீட்டில் வந்தவர்களிடமெல்லாம் மஞ்சள்காமாலை என்று சொன்னார்கள். அவன் தங்கைக்கு நாளைக்கு வரன் பார்க்க வேண்டுமே. துக்கம் விசாரிக்க வந்து கையைத் தொட்டுவிட்டு, “என்னாச்சுங்க?” என்று கேட்டவர்களிடம் நானும், “காமாலைங்க” என்றேன். அவன் பட்ட பாட்டின் பேரைக்கூட அவனுக்குக் கொடுக்காமல் அனுப்பி வைத்தோம்.

அதற்கப்புறம்

இரண்டு மாதம் கழித்து கோயமுத்தூர் டாக்டரைப் பார்க்கத் தனியாகப் போனேன். வரிசையில் உட்கார்ந்தேன். பேஷண்ட் பேர் என்ன என்று கேட்ட பெண்ணிடம், வாய் தவறி, “செல்வராசு” என்றேன்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு நான் சொன்னதையெல்லாம் கேட்டார். “ஒரே ஒரு காரணத்தால இது நடக்கறதில்லைங்க. வியாதிதான் கொண்டுபோச்சு. மாத்திரை நின்னது பெரிய தப்பு. எல்லாத்தையும் உங்க தலையில போட்டுக்காதீங்க” என்றார். அப்புறம் மெதுவாக, “சாகணும்னு தோணுதான்னு நேராவே கேக்கலாம். கேக்கறதால அந்த எண்ணம் வந்துராது. கேட்டா சொல்லுவாங்க, அப்பவே இங்க கூட்டிட்டு வந்துரலாம்” என்றார்.

நான் கேட்டதே இல்லை. அவன் கஷ்டப்பட்ட அத்தனை நாளில் ஒரு தடவைகூட.

குடோனுக்கு அப்புறம் நான் அதிக நாள் போகவில்லை. தறி சாமான் கடை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே எல்லோரும் வாயால் பேசினார்கள். என் கைதான் சும்மா இருக்காது. கல்யாண வீட்டில் மண்டபத்தின் அந்தக் கோடியில் தெரிந்த முகத்தைக் கண்டால் கட்டை விரல் தானாக வாய்க்குப் போகும். அவர்கள் முழிப்பார்கள். நான் தலையைச் சொறிகிற மாதிரி கையை இறக்கிக்கொள்வேன். அந்தப் பாஷையில் என்னைச் சிரிக்க வைத்த ஆள் ஒருத்தன்தான் இருந்தான்.

மூன்று வருடம் போயிற்று. ஒரு நாள் செல்வராசின் அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். மகளுக்குக் கல்யாணம், பத்திரிகை வைக்க வந்திருந்தார். தட்டில் வெற்றிலை பாக்கோடு பத்திரிகையைக் கொடுத்தார். எங்கம்மா காப்பி போட உள்ளே போனார். நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தோம்.

எப்படி ஆரம்பித்தேன் என்று ஞாபகமில்லை. கொட்டிவிட்டேன். அன்று வாசலில் எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது, தெரிந்தே வாயை மூடிக்கொண்டேன் என்று சொன்னேன். அவர் முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே கேட்டார்.

“நான் மட்டும் அன்னிக்குப் பேசியிருந்தா, அவங்க ஒத்துக்கிட்டிருப்பாங்களாம்மா?”

சுற்றிய முந்தானையை உதறி விட்டார்.

“இல்லீங் கண்ணு. எங்கண்ணன் புடிச்சா புடிதான். செல்வராசு அப்பாவும் அவரு பேச்சத் தட்ட மாட்டாரு. நான் பெத்தவ, நான் சொன்னதையே ஆருங் கேக்கலியே. நீ என்ன சொல்லியிருந்தாலும் தாட்டித்தான் உட்டிருப்பாங்க.”

மூன்று வருடமாக நெஞ்சில் கிடந்த பாரம் சட்டென்று இறங்கிவிட்டது. அந்த அம்மா காலில் விழலாம் போல இருந்தது. காப்பி வந்தது. குடித்தார். மாப்பிள்ளை வீட்டைப் பற்றி எங்கம்மாவிடம் இரண்டு வார்த்தை பேசினார். பத்திரிகைப் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். வாசல்வரை கூடப் போனேன்.

செருப்பை மாட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

“ஆனா அன்னிக்கு அவன் உள்ரூம்புலதானே கண்ணு உக்காந்திருந்தான். கதவு தொறந்துதான கெடந்துது. நீ ஒரு வார்த்தை பேசியிருந்தா, தனக்காக ஒருத்தன் பேசறான்னு அவன் காதுல உழுந்திருக்கும்.”

அதற்கப்புறம், எப்போதும் போல மரியாதையாக, “கல்யாணத்துக்கு மொத நாளே வந்துருங்க” என்றார்.

“வாரேனுங்கம்மா” என்றேன்.